முழம் தெரிந்த பிள்ளைக்குச் சதவீதம் ஏன் தட்டுகிறது?

திருமங்கலம், வலையங்குளம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். மல்லிகைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் அரசுப் பள்ளியில் பல வருஷமாகக் கணக்கு நடத்துகிறேன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் காலையில் கிலோ என்ன விலைக்குப் போனது, முகூர்த்தம் முடிந்தால் எவ்வளவு இறங்கும், கால் கிலோ மொட்டைத் தொடுத்தால் எத்தனை முழம் தேறும் என்பதெல்லாம் எங்கள் பிள்ளைகளுக்கு விரல் நுனியில் இருக்கும். அதே பிள்ளைகள்தான் லாப சதவீதக் கணக்கில் முட்டை வாங்குகிறார்கள்.

கணக்கு வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவியிடம், “நேத்து அம்மாவுக்கு எவ்வளவு நின்னுச்சு?” என்று கேட்டேன். மூச்சு விடாமல் சொன்னாள்: “கால் கிலோ எரநூத்தம்பது டீச்சர். நாரு பத்து, ஷேர் ஆட்டோ நாப்பது. பத்து முழம் வந்துச்சு. முழம் நாப்பதுன்னு போச்சு. நூறு ரூவா நின்னுச்சு.” அதையே பலகையில் எழுதினேன். அடக்க விலை 250, மேற்செலவு 50, விற்ற விலை 400, லாப சதவீதம் என்ன? பேச்சே இல்லை. “முந்நூறு போட்டதுக்கு நூறு நின்னா, நூறு போட்டா எவ்வளவு நிக்கும்?” என்று மாற்றிக் கேட்டேன். “முப்பத்தி மூணு ரூவா, மேல கொஞ்சம் சில்லறை” என்றாள். சதவீதம் என்பது அதுதான் என்று சொல்லி, அவள் சொன்னதற்குப் பக்கத்திலேயே 33⅓ வருகிற வழியை எழுதிக் காட்டினேன். அன்றைக்கு மிச்சமிருந்த கணக்குகளை அவளே போட்டாள்.

இது எங்கள் ஊரில் மட்டும் உள்ள கதை இல்லை. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோரின் குழு, கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர் சிறுமியரை ஆராய்ந்து 2025இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. கடையில் சிக்கலான கணக்கை மனத்திலேயே சரியாகப் போடும் பிள்ளைகள், அதைவிட எளிதான பள்ளிக் கணக்கில் திணறினார்கள். பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகளோ நோட்டில் போடத் தெரிந்ததைச் சந்தையில் போட முடியாமல் நின்றார்கள். பிள்ளைகள் வேலைக்குப் போவது நல்லது என்று இதற்குப் பொருளில்லை. அவர்கள் இருக்க வேண்டிய இடம் பள்ளிதான். ஆனால் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப் போனால்தான் பிள்ளை போகும். தானாகப் போகாது.

செயல்பாடு என்ற பெயரில் நாம் செய்யும் பலவற்றில் குறைவது இந்தக் கைபிடித்துக் கூட்டிப் போவதுதான். தெர்மாகோலில் கோபுரம் வெட்டி ஒட்டுகிறோம். டிசம்பர் 22 தேசியக் கணித தினத்துக்கு ராமானுஜன் படத்தோடு சார்ட் மாட்டுகிறோம். பிள்ளைகள் சிரித்துக்கொண்டு செய்கிறார்கள், அதில் குறை இல்லை. மறுநாள் அந்தக் கோபுரத்துக்கும் பாடத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஏழாம் வகுப்புப் புள்ளியியலுக்கு நான் எடுத்துக்கொள்வது முழம். முழங்கை முட்டியிலிருந்து நடுவிரல் நுனிவரை வீட்டில் ஒருவர் கையை அளந்து, சென்டிமீட்டரில் எழுதி வரச் சொல்வேன். ஒரு குழுவுக்கு 40, 42, 42, 43, 44 என்று வந்தது. கூட்டி ஐந்தால் வகுத்தால் சராசரி 42.2. நடுவில் நிற்பது, அதாவது இடைநிலை அளவு, 42. அதிகம் வந்தது, அதாவது முகடு, அதுவும் 42. மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க, எதற்கு மூன்று பெயர் என்று ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்வி. அப்போது இன்னொருவன் ஆறேகால் அடி உயரமுள்ள தன் சித்தப்பாவின் அளவைக் கொண்டுவந்து சேர்த்தான்: 53. சராசரி ஒரே தாவலில் 44க்குப் போய்விட்டது. இடைநிலை அளவு 42.5இல் நின்றது. முகடு அசையவே இல்லை. “சித்தப்பா ஒருத்தருக்காக எல்லார் கையும் நீண்டுபோச்சு டீச்சர்!” என்றான் கேட்ட பையன். சராசரி எங்கே ஏமாற்றும் என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிறகு பேச்சு வியாபாரத்துக்குத் திரும்பியது. 40 சென்டிமீட்டர் கையால் பத்து முழம் அளந்த பூவுக்கும் 44 சென்டிமீட்டர் கையால் அளந்த பூவுக்கும் 40 சென்டிமீட்டர் வித்தியாசம், அதாவது சின்னக் கைக்கு முழுசாக ஒரு முழம். அப்புறம்தான் புத்தகத்தைத் திறந்தோம்.

செய்து பார்த்துக் கற்பது தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் பிறகு மாநிலம் முழுக்கப் பரவியது. 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. தொடக்க வகுப்புகளுக்கு அட்டை, மணி, பாட்டு எல்லாம் உண்டு. ஆறாம் வகுப்புக்கு வந்ததும் பலகையும் வினாத்தாளும்தான் மிச்சம். பிள்ளை கணக்கைக் கண்டு பயப்படத் தொடங்குவதும் அங்கேதான்.

இப்படி நடத்த நேரம் இல்லை என்கிறார்கள் சக ஆசிரியர்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. பாடம் முடிக்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும். ஆனால் எட்டாம் வகுப்பு வரை வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் இருக்கிறதே! அதில் ஒரு பகுதி செயல்பாட்டுக்கென்றே ஒதுக்கியது. அந்த இடத்தைச் சார்ட்டுக்கும் ஒட்டுப் படத்துக்கும் கொடுத்துவிட்டு நேரம் இல்லை என்று சொல்லலாமா? தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005க்காகப் பேராசிரியர் ஆர். ராமானுஜம் தலைமையில் கணிதம் கற்பித்தலை ஆராய்ந்த குழு, கணக்குப் பயத்தோடு சேர்த்துத் தேர்வு முறையையும் குற்றம் சொன்னது. சூத்திரத்தை ஒப்பிக்கக் கேட்கும் வினாத்தாள் இருக்கும்வரை முழம் அளந்த வகுப்பு விளையாட்டு என்றுதான் பெயர் வாங்கும்.

ஆகவே வினாத்தாள் தயாரிக்கிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது: பருவத்துக்கு ஒரு கேள்வியாவது பிள்ளை தானே அளந்து, தானே எடுத்துவந்த எண்களை வைத்துப் போடுவதாக இருக்கட்டும். பூ இல்லாத ஊரில் கண்மாய்க்கரை இருக்கும், நெல் அறுத்த வயலின் சென்ட் கணக்கு இருக்கும், ரேஷன் கடைத் தராசு இருக்கும். தலைமை ஆசிரியர்களே, வாரத்தில் ஒரு கணக்குப் பாடவேளையை இதற்காக விட்டுக்கொடுங்கள். பெற்றோரே, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரும்போது, எங்கள் பிள்ளை இந்த மாதம் எதை அளந்தது என்று எங்களைக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.