நம்ம வாய்க்கு ஒரு நியாயம், அடுத்தவங்க வாய்க்கு ஒரு நியாயமா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. திட்டணும்னு தோணுச்சுன்னா திட்டுங்க, ஆனா கடைசி வரைக்கும் படிச்சிட்டு திட்டுங்க.

எங்களைப் பெரும்பாலும் உங்களுக்குத் தெரியும். கேமரன் மலையில தேயிலை பேக்டரி சூப்பர்வைசர், வயசு அம்பதைத் தாண்டியாச்சு, படிப்பு எஸ்பிஎம். கோவில்ல செருப்பு அடுக்குறதுல இருந்து அன்னதான அண்டா கழுவுறது வரைக்கும் இருபது வருஷத்துக்கு மேல தொண்டு. 'நாங்க'ன்னு எழுதுறோமேன்னு சின்னப் பசங்க சிரிக்கிறாங்க. கோவில் காரியத்துல 'நான்' வரக்கூடாதுன்னு எங்க அப்பா சொல்லி வளர்த்தது, இந்த வயசுல மாத்த முடியலை.

விஷயத்துக்கு வர்றோம்.

2025 மார்ச் மாசம் அந்த வீடியோ வந்தது ஞாபகம் இருக்கும். ஏரா எஃப்எம் மலாய் வானொலி ஆளுங்க 'வேல் வேல்'னு சொல்லிக்கிட்டு காவடி ஆட்டம் மாதிரி ஆடிச் சிரிச்ச வீடியோ. நாங்க அப்போ பேக்டரியில ராத்திரி ஷிப்ட். போன் சட்டைப் பையில அதிர்ந்துகிட்டே இருந்தது. எடுத்துப் பார்த்தா நம்ம கோவில் குரூப்புல மட்டும் எண்பது மெசேஜ்.

உண்மையைச் சொல்றோம், வயிறு எரிஞ்சது. அதுக்கு ஒரு மாசம் முன்னாடிதான் பிப்ரவரி 11, தைப்பூசம். எங்க மகன் ஈப்போ குனோங் சீரோவுல முதல் காவடி எடுத்தான். 48 நாள் விரதம், தரையில படுக்கை, இந்த மலைக் குளிர்ல விடியக் காலையில பச்சைத் தண்ணி குளியல். அலகு குத்தும்போது அவன் அம்மா முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. அதையெல்லாம் பார்த்த கண்ணுக்கு, யாரோ ஏர்கான் ரூமுல நின்னு அதைக் கிண்டல் பண்ணினா எப்படி இருக்கும்?

மறுநாள் சாயங்காலம் பன்னிரண்டு பேர் வேன் பிடிச்சு தானா ராத்தா போய் போலீஸ் ரிப்போர்ட் போட்டோம். மலாய்க்கார சார்ஜன் ஒருத்தர். மரியாதையா உட்கார வெச்சு, பொறுமையா எழுதிக்கிட்டார். 'எனக்கும் வருத்தமா இருக்கு பாங்'னு மலாய்ல சொன்னார். நெஞ்சு கொஞ்சம் ஆறிச்சு.

திரும்பி வர்ற வழியிலதான் சங்கதி. வேன்ல ஒருத்தர் போன்ல இன்னொரு வீடியோ ஓட்டினார். வேற மதத்துக்காரங்க கும்பிடுறதை ஒருத்தன் நடிச்சுக் காட்டுற வீடியோ. எந்த மதம்னு எழுத வேண்டாம். வேனே குலுங்குற மாதிரி சிரிச்சாங்க. நாங்களும் சிரிச்சோம். பின்னால உட்கார்ந்திருந்த பையன் ஒருத்தன், ஐந்தாம் படிவம் படிக்கிறவன், மெதுவா கேட்டான்: 'அங்கிள், வேனைத் திருப்பலாமா? இதுக்கும் ஒரு ரிப்போர்ட் போட்டுட்டு வந்துடுவோம்.'

கிண்டலா கேட்டானா, நிஜமா கேட்டானான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலை. ரிங்லெட் வர்ற வரைக்கும் வேன்ல ஒருத்தரும் வாயைத் திறக்கலை.

அந்தக் கேள்வி மனசுல உட்கார்ந்துகிட்டதால சில விஷயங்களைத் தேடிப் படிச்சோம், தெரிஞ்சவங்களைக் கேட்டோம். எங்க தாத்தா கிள்ளான் பக்கம் ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டினவர். அப்பா காலத்துலதான் மலைக்கு வந்தது. தாத்தா அடிக்கடி சொல்ற ஒரு கதை உண்டு, துரை எதிர்ல வந்தா சைக்கிளை விட்டு இறங்கி நிக்கணும்னு. அதை ஏதோ பழங்கதைன்னு நினைச்சிருந்தோம். 1941ல கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள்ல பெரிய வேலைநிறுத்தம் நடந்திருக்கு. நம்ம ஆளுங்க வெச்ச கோரிக்கையில, சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம்னு ஒண்ணு நிஜமாவே இருக்கு. சீனத் தொழிலாளிக்குச் சமமா சம்பளம், பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம், கள்ளுக்கடையை மூடு, பொம்பளைங்க மேல கை வைக்கிறதை நிறுத்து, இதெல்லாமும் இருக்கு. அந்த வரிசையில இன்னொண்ணு: பேச்சு சுதந்திரமும் கூட்டம் கூடுற உரிமையும் வேணும்.

நாங்க அதை ரெண்டு தடவை படிச்சோம். நிறையப் பேர் கைநாட்டா இருந்த காலம். வயித்துக்கே பத்தாத கூலி. அப்பவும் 'எங்களைப் பேச விடு'ன்னு கேட்டிருக்காங்க! அவங்களை ஒண்ணு சேர்த்தவர் ஆர். எச். நாதன், 'தமிழ் நேசன்' பத்திரிகையில வேலை பார்த்தவர். வெள்ளைக்காரன் அவரைப் பிடிச்சு இந்தியாவுக்கு நாடு கடத்திட்டான். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, தொழிலாளிங்க செத்தாங்க. நமக்குப் பள்ளிக்கூடத்துல யாரும் இதைச் சொல்லிக் கொடுக்கலை.

அதுக்கப்புறம் நாடு சுதந்திரம் வாங்கிச்சு. அரசியலமைப்புச் சட்டம் 10ஆவது பிரிவுல குடிமக்கள் எல்லாருக்கும் பேச்சுரிமை உண்டுன்னு எழுதியிருக்கு. கூடவே, அதுக்குக் கட்டுப்பாடு போட நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டுன்னும் எழுதியிருக்கு. (குடிமக்களுக்குன்னுதான் இருக்கு. நம்ம பேக்டரியில ரோலர்ல நிக்கிற நேபாளி, வங்காளதேசிப் பசங்க அந்தக் கணக்குல வரமாட்டாங்க. நாங்க பக்கத்துல போனா பேச்சை நிறுத்திடுவாங்க. தாத்தா சைக்கிளை விட்டு இறங்கின மாதிரிதான் அதுவும். அதைப் பத்தி இன்னொரு நாள் எழுதுறோம்.)

2007 நவம்பர் 25 உங்கள்ல பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்கணும். அந்த வருஷம் தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்னாடி ஷா ஆலாம் பாடாங் ஜாவாவுல மாரியம்மன் கோவிலை இடிச்சாங்க. ஹிண்ட்ராஃப் கூப்பிட்டதும் ஆயிரக்கணக்குல ஜனங்க கோலாலம்பூர்ல கூடினாங்க. பத்துமலை கோவில் வளாகத்துக்குள்ளேயே கண்ணீர்ப்புகை அடிச்சாங்க, ரசாயனத் தண்ணி பீய்ச்சினாங்க. டிசம்பர்ல தலைவர்கள் அஞ்சு பேரை விசாரணையே இல்லாம உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்துல பிடிச்சு கமுந்திங்ல போட்டாங்க. அன்னைக்கு அவங்க செஞ்ச குத்தம் என்ன? எங்க கோவிலை இடிக்காதேன்னு வாய் திறந்து கேட்டதுதானே. அந்தச் சட்டம் 2012ல போயிருச்சு. ஆனா வெள்ளைக்காரன் 1948ல போட்ட தேச நிந்தனைச் சட்டம் இன்னும் இருக்கு.

இப்போ இன்னொண்ணு சேர்ந்திருக்கு. தொடர்பு, பல்லூடகச் சட்டம் 233ஆவது பிரிவு. நம்ம பிள்ளைங்க காவடி எடுத்த அதே 2025 பிப்ரவரி 11லதான் அதோட திருத்தம் நடப்புக்கு வந்தது. அபராதம் அதிகபட்சம் 50,000 வெள்ளியா இருந்தது 5 லட்சம் வெள்ளி ஆயிருச்சு. ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயிலும் உண்டு. அந்த வானொலி ஆளுங்க மேல நாம கோபமா இருந்தப்போ, 'பிடிச்சு உள்ள போடு, சட்டம் இருக்குல்ல'ன்னு குரூப்புல எத்தனை பேர் எழுதினோம். அந்த வலையில அவங்க மட்டும்தான் விழுவாங்கன்னு யார் சொன்னது? தோட்டத்துக் கோவில்ல பலதுக்கு நிலப்பட்டா கிடையாது. தோட்டம் கைமாறினா நாளைக்கு நாமளும்தான் வாய் திறந்து கத்தணும். அப்போ 'இவன் பேசுறது மத்தவன் மனசைப் புண்படுத்துது'ன்னு ஒருத்தர் ரிப்போர்ட் போட்டா, அதே பிரிவுல நம்ம பேரும் வரும்.

அந்த வானொலிக்காரங்க மன்னிப்புக் கேட்டாங்க. நிலையத்தை நடத்துற கம்பெனிக்கு இரண்டரை லட்சம் வெள்ளி அபராதம் போட்டாங்க. நல்லது. ஆனா அதுல ஒரு ஆள் காவடின்னா என்னன்னு தெரிஞ்சுக்கிட்டானா? எங்களைக் கேட்டா, அவங்களை அடுத்த தைப்பூசத்துக்குக் கூப்பிட்டு, ராத்திரி முழுக்க ஒரு காவடிக்காரன் கால்ல தண்ணி ஊத்திக்கிட்டே நடக்கச் சொல்லியிருக்கணும். அது அஞ்சு லட்சத்தை விடப் பெரிய பாடம். அதுக்காக நாங்க ரிப்போர்ட் போட்டது தப்புன்னு சொல்லலை. வலிச்சா வலிக்குதுன்னு சொல்லணும், சத்தமாவே சொல்லணும். ஆனா நம்ம பசங்களே காவடி ஊர்வலத்துல சினிமாக் குத்துப் பாட்டுக்கு ஆடுறப்போ நமக்கு ஏன் அந்த அளவு வலிக்கலைன்னும் கேட்டுக்கணும்.

இனி எழுதப் போறதுதான் இந்தப் பதிவோட காரணம். எழுதலாமா வேண்டாமான்னு மூணு வாரம் யோசிச்சோம்.

ரிப்போர்ட் போட்டு ரெண்டு மாசத்துல நம்ம கோவில் ஆண்டுக் கூட்டம் நடந்தது. வந்தது முப்பது பேர் இருக்கும். யூனிவர்சிட்டியில படிக்கிற பிள்ளை ஒண்ணு எழுந்து, 'திருவிழா அன்னதானத்துக்கு வசூல் ஆன காசு எவ்வளவு, செலவு எவ்வளவு, மிச்சம் எங்கே இருக்கு?'ன்னு கேட்டுச்சு. மரியாதையாத்தான் கேட்டுச்சு, ஐயான்னுதான் கூப்பிட்டுச்சு. மேடையில ஒரு பெரியவர், 'நேத்து முளைச்சதெல்லாம் கணக்குக் கேட்குது, ஆத்தாளுக்குப் பொறுக்காது'ன்னார். நாலு பேர் கை தட்டினாங்க. பிள்ளை உட்கார்ந்துடுச்சு.

அன்னிக்கு ராத்திரி அதே கேள்வியை நம்ம வாட்ஸாப் குரூப்புல எழுதிச்சு. பத்து நிமிஷத்துல அதைக் குரூப்பை விட்டுத் தூக்கியாச்சு. தூக்கினது வேற யாரும் இல்லை. அட்மின் நாங்கதான். 'கோவில் பேர் கெடுது, தூக்குங்கண்ணே'ன்னு ரெண்டு பேர் போன் பண்ணினாங்க, விரலை வெச்சு அழுத்திட்டோம். அவ்வளவு சுலபம் அது.

இதே குரூப்புல 2018 நவம்பர்ல சீபீல்ட் மாரியம்மன் கோவில் கலவரம் நடந்த ரெண்டு நாளும் என்னென்ன வந்ததுன்னு நினைச்சுப் பாருங்க. எவன் அனுப்பினான்னு தெரியாத குரல் பதிவு, எந்த ஊர்னு தெரியாத படம். நாங்களும் அனுப்பினோம். அங்கே அடிபட்ட தீயணைப்பு வீரர் முகமட் அடிப் டிசம்பர் 17ல இறந்துபோனார், 24 வயசு. அந்த ரெண்டு நாள்ல கண்டபடி எழுதின ஒருத்தரையாவது குரூப்பை விட்டுத் தூக்கினோமா? இல்லை. அன்னதானக் கணக்குக் கேட்ட பிள்ளையைத் தூக்கினோம்.

வேன்ல அந்தப் பையன் கேட்டதுக்கு அப்போதான் எங்களுக்கு அர்த்தம் புரிஞ்சது. கண்ட பொய்யும் கிண்டலும் ஓட நம்ம குரூப்புல இடம் இருக்கு. நியாயமான கேள்விக்கு மட்டும் இடம் இல்லை. இதுல அரசாங்கத்தைக் குத்தம் சொல்ல என்ன இருக்கு? 10ஆவது பிரிவை நம்ம கோவில் வாசல்லயே நாமதான் செருப்போட கழட்டி வெச்சிருக்கோம்.

இதுல கொடுமை என்னன்னா, காசை யாரும் தொடலை. பொருளாளர் வீட்டுக்குப் போய் ரெண்டு ராத்திரி உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தோம். அரிசி, பருப்பு, காய்கறி, பந்தல் எல்லாத்துக்கும் பில் இருக்கு. கேஸ் தோம்பு வாங்கின பில் மட்டும் காணோம். அவ்வளவுதான். அன்னிக்கே நோட்டைத் திறந்து காட்டியிருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். வாயை அடைச்சதால, இன்னைக்குத் தோட்டம் பூரா 'ஏதோ சாப்பிட்டுட்டாங்க'ன்னு பேச்சு. பொருளாளர் முப்பது வருஷமா தொண்டு செய்யுறவர். சாமி கும்பிட வரவே கூச்சமா இருக்குன்னு சொல்றார்.

பேக்டரியில ரோலர் ஓடுற சத்தத்துல கத்தித்தான் பேசணும். அதனால வீட்டுலயும் கத்துறோம்னு எங்க சம்சாரம் திட்டும். அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போனப்போ எங்களுக்குக் குரலே எழும்பலை. அதோட அப்பா கதவைத் திறந்தார், உள்ளே வரச் சொல்லலை. வாசல்ல நின்னே, 'நாங்க செஞ்சது தப்பு தம்பி'ன்னு சொல்லிட்டு வந்தோம். பிள்ளையைத் திரும்பக் குரூப்புல சேர்த்தோம். ஒரு மணி நேரத்துல அதுவா வெளியேறிடுச்சு. அதுக்கும் உரிமை இருக்கு.

நிர்வாகத்துல பேசிட்டோம். ரெண்டு பேருக்குச் சம்மதம் இல்லை, மத்தவங்க சரின்னுட்டாங்க. வர்ற வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் அன்னதானக் கணக்கு முழுசும் மணிக்குப் பக்கத்துல இருக்குற பலகையில ஒட்டப்படும். பொருளாளரும் நாங்களும் ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் அங்கேயே இருப்போம். யார் வேணும்னாலும் கேட்கலாம், வயசு வித்தியாசம் கிடையாது. கேஸ் தோம்பு விலை 'பில் இல்லை'ன்னு போட்டே இருக்கும். அந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்சவங்க யாராவது இதைப் படிச்சா, தயவுசெஞ்சு சொல்லுங்க, வெள்ளிக்கிழமை வரச் சொல்லி.