ஊசி போட்டு ஓடலாமா?

ஒரு தமிழ்ப் பெண் தங்கப் பதக்கம் வாங்கினார். நாடே கொண்டாடியது. ஓராண்டு கழிந்தது. அந்தப் பதக்கம் பறிபோயிற்று!

அந்தப் பெண்ணின் பெயர் கோமதி மாரிமுத்து. திருச்சி பக்கத்தில் உள்ள முடிகண்டம் கிராமத்துக்காரர். ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்.

2019-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 22-ந் தேதி. கத்தார் நாட்டின் தலைநகரான தோகாவில் ஆசிய தடகளப் போட்டி நடந்தது. பெண்களுக்கான 800 மீட்டர் ஓட்டத்தில், கோமதி 2 நிமிடம் 2.70 வினாடியில் ஓடி முதலாவதாக வந்தார். அப்போது அவருக்கு வயது 30.

பாராட்டுகள் குவிந்தன. பரிசுகளும் வந்தன.

பிறகு விழுந்தது இடி! அவருடைய சிறுநீரைச் சோதித்தார்கள். அதில் "நான்ட்ரோலோன்" என்ற மருந்து இருந்தது. விளையாட்டு வீரர்கள் சாப்பிடக்கூடாது என்று தடுக்கப்பட்ட மருந்து அது. 2020-ம் ஆண்டில் தீர்ப்பு வந்தது. கோமதி 4 ஆண்டு ஓடக்கூடாது என்று தடை. தங்கமும் ரத்து.

தெரிந்து எந்த மருந்தையும் சாப்பிடவில்லை என்று கோமதி மறுத்தார். ஆனாலும் தண்டனை தண்டனைதான்.

இதில் இன்னொரு வேதனையும் உண்டு. தோகாவுக்குப் போவதற்கு முந்திய மாதமே, மார்ச்சில், பாட்டியாலாவில் நடந்த போட்டியில் கோமதியிடம் சிறுநீர் எடுத்தார்கள். அதிலேயே அந்த மருந்து இருந்தது. ஆனால், அதன் முடிவு வருமுன் அவர் தோகாவில் ஓடி முடித்துவிட்டார்! சோதனை முடிவு உடனே வந்திருந்தால், உலகத்தின் முன் அந்தத் தலைகுனிவு நேர்ந்திருக்காது.

கடமலைக்குண்டு சாலையில்

இது ஏதோ தோகாவில் நடந்த கதை, நமக்கு என்ன என்று யாரும் இருந்துவிட முடியாது. தேனி மாவட்டத்துக் கடமலைக்குண்டு வரைக்கும் இந்தக் கவலை வரவேண்டும்.

வைகை பிறந்து வரும் வருசநாட்டு மலைகளின் அடிவாரத்தில் இருக்கிறது கடமலைக்குண்டு. இலவம் பஞ்சும் தென்னையும் விளைகிற பூமி. இந்த மாதிரி ஊர்களில் விடியற்காலையில் சாலைக்கு வந்து பார்த்தால், பையன்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். சிலர் காலில் செருப்புக்கூட இராது.

ஏன் ஓடுகிறார்கள்? போலீஸ் வேலைக்காக ஓடுகிறார்கள். பட்டாளத்தில் சேர ஓடுகிறார்கள். போலீஸ் வேலைக்குப் போகும் ஆண்கள் 1,500 மீட்டர் தூரத்தை 7 நிமிடத்தில் ஓடி முடிக்கவேண்டும்.

நன்றாக ஓடுகிறவனுக்கு அதற்கு மேலும் ஆசை வரும். மாவட்டப் பந்தயம், மாநிலப் பந்தயம் என்று போவான். தமிழ்நாட்டில் அரசாங்க வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினால் ரூ.3 கோடி பரிசு என்று மாநில அரசாங்கம் அறிவித்திருக்கிறது. ஒரு பதக்கம், ஒரு குடும்பத்தின் தலையெழுத்தையே மாற்றிவிடும்.

நல்லதுதான். ஆசை இருக்கிற இடத்துக்கு ஆசை காட்டுகிறவனும் வருவான். அதுதான் ஆபத்து!

"ஒரே ஒரு ஊசி. நேரம் குறையும். யாருக்கும் தெரியாது" என்று ஒருவன் காதில் ஓதினால், விவரம் தெரியாத பிள்ளை என்ன செய்யும்?

ஊக்கமருந்து என்றால் என்ன?

உடம்புக்கு இல்லாத பலத்தைக் குறுக்கு வழியில் கொடுக்கும் மருந்துகளை ஊக்கமருந்து என்கிறார்கள். இவற்றில் பல, நோயாளிகளுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டவை.

நான்ட்ரோலோன், சதையை வளர்க்கும் மருந்து. பெண்கள் போட்டுக்கொண்டால் குரல் ஆண்குரலாக மாறலாம். முகத்தில் முடி வளரலாம். மாதவிலக்கு கெடலாம். வளரும் பிள்ளைகள் போட்டுக்கொண்டால் எலும்பின் வளர்ச்சி சீக்கிரமே நின்று, உயரம் குறைந்துபோகலாம். இதயத்துக்கும் கெடுதல்.

நீண்ட தூரம் ஓடுகிறவர்கள் திருட்டுத்தனமாகப் பயன்படுத்துவது வேறொரு மருந்து. அதன் பெயர் "இ.பி.ஓ." சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தம் ஊறுவதற்காக டாக்டர்கள் கொடுப்பது. நல்ல உடம்பில் இதைச் செலுத்தினால் ரத்தத்தில் சிவப்பு அணுக்கள் பெருகும். மூச்சு வாங்காமல் ஓடலாம். ஆனால், ரத்தம் கெட்டியாகிவிடும். குழாயில் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து!

உலக ராணியும் விழுந்தார்

சின்ன ஊர்ப் பிள்ளைகள் மட்டும் அல்ல, உலகப் புகழ் பெற்றவர்களும் இந்தக் குழியில் விழுந்திருக்கிறார்கள்.

கென்யா நாட்டு வீராங்கனை ரூத் செப்கெடிச். 2024-ம் ஆண்டு அக்டோபர் 13-ந் தேதி அமெரிக்காவில், சிகாகோ மாரத்தானில் ஓடினார். மாரத்தான் என்பது 42 கிலோ மீட்டருக்கும் மேற்பட்ட தூரம். அதை அவர் 2 மணி 9 நிமிடம் 56 வினாடியில் ஓடி முடித்தார். 2 மணி 10 நிமிடத்துக்குள் ஓடிய முதல் பெண் அவர்தான்.

ஐந்தே மாதம் கழித்து, 2025 மார்ச்சில் அவரிடம் சிறுநீர் எடுத்தார்கள். "ஹைட்ரோகுளோரோதயாசைட்" என்ற மருந்து அதில் இருந்தது. கணக்கில் விடக்கூடிய அளவைப்போல 190 மடங்கு!

இது என்ன மருந்து தெரியுமா? ரத்தக் கொதிப்புக்கு டாக்டர்கள் எழுதிக்கொடுக்கும் மாத்திரைகள் பலவற்றில் இருப்பதுதான். சிறுநீரை அதிகமாகப் போகச் செய்யும். மற்ற மருந்துகளை மறைக்கவும் சிலர் இதைச் சாப்பிடுவதால், விளையாட்டில் இதற்குத் தடை.

உடம்பு சரியில்லாதபோது வீட்டு வேலைக்காரியின் மாத்திரையை வாங்கிச் சாப்பிட்டேன் என்று செப்கெடிச் காரணம் சொன்னார். அதிகாரிகள் நம்பவில்லை. 2025 அக்டோபரில் அவருக்கு 3 ஆண்டு தடை விதிக்கப்பட்டது. சிகாகோ சாதனை, அந்தச் சோதனைக்கு முன்பே செய்யப்பட்டது. ஆகவே அது ஏட்டில் நிற்கிறது. ஆனால், அதைப் படிக்கிறவர்கள் மனதில் சந்தேகமும் கூடவே நிற்கும்.

தாய்மார்கள் இதைக் கவனிக்கவேண்டும். பாட்டி சாப்பிடும் மாத்திரைகூட, பந்தயத்தில் ஓடும் பேத்திக்கு விலங்காக மாறலாம்! பக்கத்து வீட்டு மாத்திரை, கடைக்காரர் தரும் மாத்திரை, பெயர் தெரியாத சத்துப் பவுடர் எதுவும் வேண்டாம். உடம்புக்கு வந்தால் டாக்டரிடம் போகவேண்டும். "பிள்ளை பந்தயத்தில் ஓடுகிறது" என்று முதலிலேயே சொல்லவேண்டும். தடுக்கப்பட்ட மருந்துதான் நோய்க்குத் தேவை என்றால், அதற்கு அனுமதி கேட்டு வாங்க விதியில் வழி இருக்கிறது.

ஓடியவர் ஒருவரே!

2023-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 26-ந் தேதி டெல்லியில் ஒரு வேடிக்கை நடந்தது. சிரிப்பு வரும் வேடிக்கை அல்ல. வெட்கம் வரும் வேடிக்கை!

அன்று டெல்லி மாநிலத் தடகளப் போட்டியின் கடைசி நாள். ஆண்களுக்கான 100 மீட்டர் இறுதி ஓட்டம். ஓடுவதற்கு வந்தவர் ஒரே ஒருவர்! மற்றவர்களைக் காணோம். ஊக்கமருந்து சோதனை அதிகாரிகள் மைதானத்துக்கு வந்திருக்கிறார்கள் என்ற செய்திதான் காரணம் என்று பேசப்பட்டது. சதை பிடித்துக்கொண்டது, களைப்பாக இருந்தது என்று வராதவர்கள் சொன்னார்கள்.

இன்னொரு பந்தயத்தில் ஒரு இளம்பெண் எல்லைக்கோட்டைத் தாண்டிய பிறகும் நிற்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்தார். சோதனை அதிகாரி பின்னால் துரத்தினார்!

2024-ம் ஆண்டுக்கான உலகக் கணக்கு ஒன்று வெளிவந்திருக்கிறது. உலக ஊக்கமருந்து தடுப்பு நிறுவனம் வெளியிட்டது அது. இந்தியாவில் 7,113 சோதனைகள் நடந்தன. 260-ல் மருந்து இருந்தது. உலகத்திலேயே இதுதான் அதிகம். தொடர்ந்து மூன்றாவது ஆண்டாக இந்தியாவுக்கு இந்த "முதல் இடம்".

சோதனை அதிகம் செய்தால் சிக்குகிறவர்களும் அதிகமாக இருப்பார்கள் என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். அது சரியல்ல. சீனாவில் 24 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைகள் நடந்தன. சிக்கியவை 43-தான்!

யார் குற்றவாளி?

உடம்பில் என்ன இருக்கிறதோ அதற்கு ஓடுகிறவரே பொறுப்பு. தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. இதுதான் உலக விதி. விதி கடுமையாகத்தான் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் எல்லோரும் "தெரியாது" என்றே சொல்வார்கள்.

ஆனால், ஊசியை வாங்கிக்கொடுத்தவன் எங்கே? சீட்டு இல்லாமல் விற்ற கடைக்காரன் எங்கே? பிள்ளைக்குத் தடை வந்தால் அவர்கள் அடுத்த பிள்ளையைத் தேடிப் போய்விடுகிறார்கள். பணக்கார வீரனுக்கு வக்கீல் இருக்கிறார், டாக்டர் இருக்கிறார். கூலிக்காரன் மகளுக்கு யார் இருக்கிறார்? வேலையும் போய், பெயரும் போய், ஊர் வாயில் விழுந்து கிடக்கவேண்டியதுதான்!

பிள்ளையை மட்டும் தண்டித்துவிட்டுக் கையைக் கழுவுவது நியாயம் அல்ல.

ஒரு அடி தவறியது

ஊசி போடாமல் ஜெயிக்க முடியாதா? முடியும். அதற்குப் புதுக்கோட்டை லட்சுமணன் சாட்சி.

கோவிந்தன் லட்சுமணன் 2017-ம் ஆண்டு புவனேசுவரத்தில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கினார். (அதே இரட்டைத் தங்கத்தை, 2025-ல் தென்கொரியாவில் நடந்த ஆசிய போட்டியில் உத்தரபிரதேசத்தைச் சேர்ந்த குல்வீர் சிங் வாங்கினார்.)

2018-ம் ஆண்டு ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு. 10,000 மீட்டரில் லட்சுமணன் மூன்றாவதாக வந்தார். வெண்கலம் வாங்கியதாகவே எல்லோரும் நினைத்தார்கள். ஆனால், ஓடும்போது அவருடைய கால் கோட்டுக்கு உள்ளே பட்டுவிட்டது என்று சொல்லி, பதக்கம் மறுக்கப்பட்டது.

அவருக்கும் பதக்கம் போயிற்று. ஆனால், பெயர் போகவில்லை! மத்திய விளையாட்டு மந்திரி அவரை அழைத்து ரூ.10 லட்சம் கொடுத்துப் பாராட்டினார். கால் தவறினால் எழுந்து மறுபடியும் ஓடலாம். நேர்மை தவறினால் ஓட மைதானமே கிடைக்காது.

செய்யவேண்டியது என்ன?

நீண்ட தூர ஓட்டம் என்பது ஒரே நாளில் வரும் வித்தை அல்ல. தென்னை மாதிரி. நட்டவுடன் காய்க்காது. ஆண்டுக்கணக்கில் பழகவேண்டும். கேழ்வரகு, நிலக்கடலை, முட்டை, பால், கீரை என்று வயிறார நல்ல சாப்பாடு வேண்டும். நல்ல தூக்கம் வேண்டும். திடீரென்று ஒரே மாதத்தில் ஒரு பிள்ளையின் நேரம் மிகவும் குறைந்தால், பெற்றோர் சந்தோஷப்படுவதற்கு முன் விசாரிக்கவேண்டும்.

அரசாங்கத்துக்கும் கடமை இருக்கிறது.

மாவட்டப் போட்டியிலேயே சோதனை தொடங்கவேண்டும். முடிவு, அடுத்த பெரிய போட்டிக்கு முன் வரவேண்டும்.

தடுக்கப்பட்ட மருந்துகளைப்பற்றி எளிய தமிழில் அச்சிட்டு, பள்ளிக்கூடம் தோறும் ஒட்டவேண்டும்.

டாக்டர் சீட்டு இல்லாமல் இந்த மருந்துகளை விற்பது குற்றம். விற்கும் கடையை மூடவேண்டும். பிள்ளைக்கு ஊசி வாங்கிக்கொடுத்தவன் பயிற்சியாளராக இருந்தாலும் சரி, அவனைக் கோர்ட்டில் நிறுத்தவேண்டும்.

ஜெயித்த பிறகு லட்சம் லட்சமாகக் கொடுப்பது பெருமைதான். அதில் ஒரு பங்கையாவது, ஜெயிப்பதற்கு முன் கொடுக்கலாமே! கடமலைக்குண்டு போன்ற ஊர்களில் ஓடும் பிள்ளைக்கு ஒரு ஜோடி நல்ல பூட்ஸ், தினமும் இரண்டு முட்டை, மண் பாதை ஒன்று, நேர்மையான ஒரு பயிற்சியாளர். இவ்வளவு இருந்தால் ஊசிக்காரன் பேச்சு எடுபடாது.

மகள் நாலாவதாக வந்தால் நாலாவதாகவே வரட்டும். அவள் நல்ல உடம்போடும் நல்ல பெயரோடும் வீடு திரும்பினால், அதைவிடப் பெரிய பரிசு பெற்றவர்களுக்கு வேறு இல்லை!