நல்ல விளாமரத்தை யார் குறித்து வைப்பது?

கல்முனைச் சந்தைப் பக்கம் போனால் அப்பிளுக்குப் பஞ்சமே இல்லை. சிவப்பு, பச்சை, ஸ்டிக்கர் ஒட்டினது, வலை உறை போட்டது என்று அடுக்கி வைத்திருப்பாங்க. எந்த நாட்டில் காய்த்தது, என்ன இனம் என்று அந்தச் சின்ன ஸ்டிக்கரே சொல்லிவிடும். அதே சந்தையில் சாக்கு விரித்துக் குவித்திருக்கிற விளாம்பழத்தைக் காட்டி அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்க. எந்த மரம், இனிப்பா புளிப்பா, சதை எவ்வளவு இருக்கும் என்று விற்கிறவருக்கும் தெரியாது, வாங்குற நமக்கும் தெரியாது. வீட்டுக்குக் கொண்டுவந்து உடைத்தால்தான் தெரியும். விளாம்பழம் வாங்குவது இன்னும் நமக்கு லொத்தர் சீட்டு மாதிரித்தான்.

இது பழத்தின் குறையில்லை. அதை யாரும் தெரிவு செய்யவில்லை என்பதுதான் குறை.

அப்பிளும் தானாக அப்பிள் ஆகவில்லை. அப்பிள் விதையைப் போட்டால் தாய்மரத்தின் பழம் அப்படியே வராது. ஒவ்வொரு விதையும் ஒரு புது மரம். பெரும்பாலானவை சிறிசாக, புளிப்பாகத்தான் காய்க்கும். யாரோ ஒருத்தர் அதில் நல்ல மரம் ஒன்றைக் கண்டு, அதன் கிளையை வெட்டி இன்னொரு மரத்தில் ஒட்டுக்கட்டி, அதற்கு ஒரு பெயர் வைத்தார். அப்படித்தான் ஒவ்வொரு இனமும் பிறந்தது. காட்டு அப்பிள் என்று ஒதுக்கப்பட்ட சின்னப் பழத்துக்கும் இது நடந்திருக்கிறது. வட கலிபோர்னியாவின் ஹம்போல்ட் பகுதியில் அல்பர்ட் எட்டர் என்றொருவர் பல வருடங்கள் அப்பிள்களை வளர்த்து, கலந்து, பொறுக்கி எடுத்தார். அவருடைய ‘விக்சன்’ என்ற இனம் 1944ல் வெளிவந்தது. பெரிய தேசிக்காயளவு பழம்தான். ஆனால் இனிப்பும் அதிகம், புளிப்பும் அதிகம். கடித்தும் தின்னலாம், பிழிந்து சைடர் என்ற பானமும் செய்யலாம். சைடர் என்றால் பல நாடுகளில் புளிக்கவைத்த மது. அமெரிக்காவில் புளிக்கவைக்காத சாற்றையும் அதே பெயரால் சொல்றாங்க. மது நமக்கு ஆகாது, அது வேண்டவும் வேண்டாம். நாம எடுக்க வேண்டியது வேறொன்று: ஊரார் கழித்துவிட்ட புளிப்புப் பழத்திலும் நல்லதைத் தேடிய அந்தப் பொறுமை.

நம்மிடம் அப்படிப்பட்ட பழம் என்றால் அது விளாதான். ஆங்கிலத்தில் வூட் அப்பிள் என்று பெயர் வைத்துவிட்டாங்களே தவிர, அப்பிளோடு அதற்கு உறவில்லை. தேசி, தோடை, வில்வம் எல்லாம் சேர்ந்த குடும்பம் அது. விஞ்ஞானப் பெயர் லிமோனியா அசிடிசிமா. சிங்களத்தில் திவுல், திவுலப்பிட்டி என்ற ஊருக்குப் பெயர் கொடுத்ததும் இந்த மரம்தான். மழை குறைந்த உலர்வலயத்தில், ஆள் கவனிக்காமலே நிற்கும் மரம். புத்தகங்கள் இதில் இரண்டு வகை சொல்கின்றன: பெரிய பழம், இனிப்புத் தூக்கல், சின்னப் பழம், புளிப்புத் தூக்கல். அதாவது தின்ன ஒன்று, குடிக்க ஒன்று என்ற பிரிவு இயற்கையிலேயே இருக்கிறது. அதைப் பிடித்து மேலே கொண்டுபோகத்தான் ஆளில்லை.

குடிக்கிற கதையைக் கொஞ்சம் சொல்லணும். பழுத்த சதையை வழித்தெடுத்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, விதையும் நாரும் போக வடித்து, தேங்காய்ப்பாலும் சீனியோ கருப்பட்டியோ ஒரு சிட்டிகை உப்போடு சேர்த்தால், நோன்பு திறக்கிற நேரத்துக்கு அதைவிட என்ன வேணும்? அந்தப் பானம் கொழுப்பாக நிற்பதற்குக் காரணமும் உண்டு. சதையில் 3 முதல் 5 வீதம் வரை பெக்டின் இருக்கிறது. ஜேம், ஜெலி இறுகுவது அதனால்தான். இவ்வளவு இருந்தும் நம்ம இப்தார் மேசையில் கலர் பவுடர் கரைத்த தண்ணீர்தான் முதலில் வருகிறது. விளாம்பழச் சாறு வந்தாலும் போத்தலில் வருகிறது. போத்தலுக்குள் பழம் எவ்வளவு, சீனி எவ்வளவு என்று திருப்பிப் பார்க்கிறவர் எத்தனை பேர்? நீரிழிவு இல்லாத வீடு குறைந்துவரும் காலத்தில் இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை.

2022ல் டொலர் தட்டுப்பாட்டில் அப்பிள் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். நோயாளியைப் பார்க்கப் போகிறவங்க பழக்கடையில் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பின காலம் அது. அந்த நேரத்திலாவது நம்ம பழத்தின் பக்கம் பார்வை திரும்பியிருக்கணும். திரும்பவில்லை. நிலைமை கொஞ்சம் சீரானதும் மறுபடி ஸ்டிக்கர் பழத்துக்கே போய்விட்டோம்.

இதற்கிடையில் மரங்கள் போய்க்கொண்டிருக்கின்றன. மருதமுனை, சாய்ந்தமருது என்று ஊர்ப் பெயரில் மருத மரத்தை வைத்திருக்கிறோம். இன்று எந்த வளவில் மருது நிற்கிறது? விளாவுக்கும் அதே கதிதான் வரும். பிள்ளைகளுக்கு வளவு பிரிக்கும்போது முதலில் விழுவது மரம். முள் இருக்கு, பழம் விழுந்து ஓடு உடையுது, வேர் மதிலைத் தள்ளுது என்று காரணங்கள் வரிசையாக வரும். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோர வளவுகளின் முகமே மாறிப்போனது. ஒரு மரம் விழுந்தால் ஒரு மரம்தானே என்று நினைக்கிறோம். அது ஊரிலேயே நல்ல பழம் தந்த மரமாக இருந்தால், அந்தச் சுவையும் அதோடு முடிந்தது. அதன் விதையைப் போட்டாலும் அதே பழம் வரும் என்று உறுதியில்லை.

மரம் தானாகப் பரவும் வழியும் அடைபடுகிறது. யானை தின்ற விளாங்கனி என்று பழமொழியே உண்டு. வெளியே முழுசாத் தெரியும், உள்ளே ஒன்றுமில்லை. விளாவின் பழைய விஞ்ஞானப் பெயர்களில் ஒன்றிலும் யானை இருக்கிறது: ஃபெரோனியா எலிபன்டம். யானை பழத்தைத் தின்று, விதையைத் தூரத்தில் சாணத்தோடு போட்டு, காட்டில் விளாவைப் பரப்பியது. இன்று நம்ம மாவட்டத்து யானை எதைத் தின்கிறது? பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பொலித்தீன் தின்று எட்டு வருடங்களில் சுமார் 20 யானைகள் செத்ததாக 2022 ஜனவரியில் உலகச் செய்திகளில் வந்தது. விதை காவிய மிருகத்துக்கு நாம கொடுத்தது குப்பை. இனி விதை காவுகிற வேலையும் நம்ம தலையில்தான்.

‘நட்டால் எப்போ காய்க்கும்?’ என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி. விதையிலிருந்து வளர்கிற விளா காய்க்க 15 வருடமாவது ஆகும். இருபது வயதில் நட்டால் முப்பத்தைந்தில்தான் பழம். ஆனால் காய்க்கிற மரத்திலிருந்து மொட்டோ கிளையோ எடுத்து விளாக் கன்றிலேயே ஒட்டுக்கட்டினால் மரமும் குட்டையாக நிற்கும், பழமும் முந்தி வரும். ஏற்கனவே காய்த்த மரத்தின் துண்டு என்பதால் அது மறுபடி குழந்தைப் பருவத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. முக்கியமாக, பழம் தாய்மரத்தின் பழமாகவே இருக்கும்.

‘இடம் எங்கே?’ என்பது அடுத்த கேள்வி. கடலுக்கும் வயலுக்கும் நடுவில் ஒடுங்கின துண்டில்தான் கல்முனையும் அதைச் சுற்றின ஊர்களும் நெருக்கி வாழ்கின்றன, உண்மை. ஆறு பேர்ச் வளவில் பெரிய மரம் நடச் சொல்லவில்லை. பள்ளிவாசல் காணி, பாடசாலை வேலியோரம், மையவாடி, சம்மாந்துறை வட்டைகளுக்குள் வயல் செய்ய முடியாத மேட்டுத் துண்டுகள் என்று தேடினால் இடம் இருக்கிறது. மரம் நடுவது தர்மம் என்று குத்பாவில் கேட்டு வளர்ந்தவங்கதானே நாம எல்லாரும்? அந்தத் தர்மத்துக்கு ஒரு மரத்தின் பெயரையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

ஆகவே எங்கட கோரிக்கை பெரிய திட்டமில்லை. முதல் வேலை, கணக்கெடுப்பு. ஊருக்கு நாலு பேர் சேர்ந்தால் போதும். எந்த வளவில் விளா நிற்கிறது, பழம் பெரிதா, ஓடு மெல்லிசா தடிப்பா, சதை எவ்வளவு, இனிப்பா புளிப்பா, வருடா வருடம் காய்க்கிறதா என்று போனில் குறித்தாலே ஒரு பதிவு வந்துவிடும். மூத்தம்மாமாரிடம் கேட்டால் பாதி வேலை முடியும். எந்த வீட்டு மரம் நல்ல மரம் என்று அவங்களுக்குத் தெரியும். முற்றிய காயைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழியும் இருக்கு: ஒரு அடி உயரத்திலிருந்து கட்டாந்தரையில் போடுங்க. முற்றாத காய் துள்ளும், முற்றினது துள்ளாது. முற்றினதை இரண்டு கிழமை வெயிலில் வைத்தால் நன்றாகப் பழுக்கும்.

அடுத்தது ஒட்டு. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலேயே இருக்கிறது. நம்ம ஊர்ப் பிள்ளைகள் இறுதி வருட ஆய்வுக்குத் தலைப்புத் தேடும்போது இந்தப் பழத்தை நினைக்கலாம். எந்த மரத்துச் சதையில் சீனி கூட, எதில் அமிலம் கூட என்று அளந்து சொன்னால், தின்ன எது, குடிக்க எது என்று பிரிக்க முடியும். விவசாயப் போதனாசிரியரிடம் போய் ஒட்டுக்கட்டுகிற முறையைக் கற்றுத்தரக் கேட்கலாம்.

மூன்றாவது, பானம். றமழான் வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்கிறது. விளாம்பழக் காலம் நகராது. இரண்டும் எல்லா வருடமும் சந்திக்காது. அதனால் சதையை வடித்து உறைய வைக்கப் பழகணும். இல்லாவிட்டால் இந்த வெக்கையில் சாறு தானாகவே புளிக்கத் தொடங்கிவிடும். இதை வீட்டுத் தொழிலாகச் செய்யக்கூடிய பெண்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறாங்க. அவங்களுக்கு இல்லாதது நம்பகமான பழம்: ஒரே சுவையில் தொடர்ந்து கிடைக்கிற, பெயர் தெரிந்த பழம்.

பெயர் வைப்பதுதான் கடைசி வேலை. நிந்தவூரிலோ மருதமுனையிலோ நல்ல மரம் ஒன்று கிடைத்தால், அந்த ஊரின் பெயரையே அதற்கு வைப்போம். பெயர் வந்தால் தேடி வருவாங்க, தேடி வந்தால் விலை வரும், விலை வந்தால் மரத்தை வெட்ட யாருக்கும் மனம் வராது. உங்க ஊரில் அப்படி ஒரு மரம் நின்றால், வளவுக்காரரிடம் இந்த வாரமே ஒரு சொல் சொல்லி வையுங்க: வெட்டுவதற்கு முன்னம் எங்களுக்கு ஒரு கிளை தாங்க என்று.