புது பதிப்பு வந்தால் பழசு குப்பையா?

மாற்றலாகி புனேக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் அபார்ட்மெண்ட் பையன்கள் ஐந்து பேர் எங்கள் வீட்டு டைனிங் டேபிளைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். ஒருவன் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, என்ன நடந்தது என்பதை இருபது முகப் பகடையை உருட்டித் தீர்மானிக்கிற விளையாட்டு. கதைசொல்லி என் பையன். நாலு வருஷமாக அவர்களே சேர்த்த விதிகள் ஒரு நோட்டு நிறைய இருக்கின்றன.

போன மாதம் பக்கத்து பிளாக் நண்பர், நம்மூர்க்காரர்தான், தன் மகனுக்கு 2024-ல் வந்த புது விதிப்புத்தகத்தை வாங்கிக் கொடுத்தார். "புது வெர்ஷன் வந்தாச்சு, அந்த நோட்டைத் தூக்கிப் போடுங்கப்பா" என்றும் சொல்லிவிட்டுப் போனார். பையன்கள் இரண்டு கட்சி ஆகிவிட்டார்கள். மூன்று ஞாயிறாக மேஜை காலி.

நண்பர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, அவர் சொன்னது தப்பு. இந்த விளையாட்டு வளர்ந்த கதையே அதற்குச் சாட்சி.

1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்டது ஒரு பெட்டியில் மூன்று சின்னப் புத்தகங்கள். சண்டைக்கு விதி வேண்டுமென்றால், 1971-ல் வந்த வேறொரு போர் விளையாட்டுப் புத்தகத்தைப் பார் என்றார்கள்! அத்தனை ஓட்டை. அடைத்தது யார்? ஆடியவர்கள். திருடன் என்ற பாத்திர வகை கலிஃபோர்னியாவில் ஆடிக்கொண்டிருந்த ஒரு குழுவிடமிருந்து வந்தது; 1975-ல்தான் புத்தகத்தில் ஏறியது. அதே வருஷம் கென் செயின்ட் ஆண்ட்ரே, இந்த விதிகள் சரிப்படவில்லை என்று தானே எளிமையாக ஒன்றை எழுதினார். 1978-ல் ரூன்குவெஸ்ட், வீரன், மந்திரவாதி என்ற வகைப் பிரிவையே தூக்கிவிட்டுத் திறமைகளைச் சதவீதத்தில் கணக்கிட்டது. 1981-ல் கால் ஆஃப் கதுல்ஹு, பயங்கரத்தைப் பார்க்கப் பார்க்க மனநிலை தேய்வதற்கும் ஒரு கணக்கு வைத்தது. இதெல்லாம் வெர்ஷனா? "எங்களுக்கு இது ஒத்துவரவில்லை" என்று யாரோ ஒரு மேஜையில் சொன்னதன் பலன்.

கம்பெனிக்கும் இது தெரிந்துதான் இருந்தது. 2000-ல் அடிப்படை விதிகளை யாரும் எடுத்தாளலாம் என்று உரிமம் கொடுத்தது. 2008-ல் நாலாம் பதிப்பு வந்தபோது பலருக்குப் பிடிக்கவில்லை. அந்த உரிமத்தை வைத்துப் பழைய விதிகளின் மேலேயே 2009-ல் பாத்ஃபைண்டர் எழுந்தது. பழசு குப்பையென்றால் இது எப்படி?

2023 ஜனவரியில் அந்த உரிமத்தையே ரத்து செய்யப் பார்த்தார்கள். கடன் பத்திரம் படித்தே கண் பூத்துப்போன எனக்கு அதில் ஒரு விஷயம் உறுத்தியது. உரிமத்தில் 'நிரந்தரம்' என்று இருந்தது. 'திரும்பப் பெற முடியாதது' என்று இல்லை. அந்த ஒரு சொல் இல்லாத இடத்தில்தான் கை வைத்தார்கள். ஆடுகிறவர்கள் கொதித்தெழ, அதே மாதம் பின்வாங்கி, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை கிரியேட்டிவ் காமன்ஸில் விட்டார்கள்.

முதல் போட்டவனுக்கு லாபம் வேண்டாமா என்பீர்கள். தாராளமாக எடுக்கட்டும், புத்தகம் நன்றாக இருந்தால் நானே வாங்குவேன். ஆனால் பி.காமில் குட்வில் என்று ஒன்று படித்தோமே, இந்த விளையாட்டின் குட்வில்லைச் சம்பாதித்துக் கொடுத்தது ஆடியவர்கள். அவர்கள் எழுதியதைக் குப்பை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை, அப்பாக்களுக்கும் சேர்த்துத்தான்.

தாயம் ஆட உட்கார்ந்தால் முதலில் என்ன கேட்போம்? "வெட்டினா இன்னொரு ஆட்டம் உண்டா? வெட்டாம பழம் ஏறலாமா?" ஊருக்கு ஊர் வேறு. பேசி முடிவு செய்துவிட்டுத்தான் கட்டையை உருட்டுவோம். அந்தப் பேச்சும் ஆட்டத்தில் சேர்த்திதான். சொந்த ஊரை விட்டு வந்த நம் பிள்ளைகள் ஒரு மராட்டிப் பையனோடும் வங்காளிப் பையனோடும் உட்கார்ந்து பேசி, சண்டை போட்டு, ஒரு பொது விதிக்கு வந்திருக்கிறார்கள். அதைக் கடையில் வாங்க முடியாது சார்.

நோட்டு என் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. வருகிற ஞாயிறு அதை மேஜையில் வைக்கிறேன். நீங்கள் புத்தகத்தைக் கொடுத்தனுப்புங்கள். எந்த விதி இருக்கணும், எது போகணும் என்பதை அந்த ஐந்து பேர் பார்த்துக்கொள்ளட்டும். நாம் இருவரும் பால்கனியில் காபி குடிக்கலாம்.