பெயர் தெரியாதவர்களின் புத்தகம்

அத்திப்பட்டு என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வரும். ஒன்று, அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி. மற்றொன்று, 2001-ல் வந்த ‘சிட்டிசன்’ படத்தில் வரைபடத்திலிருந்தே காணாமல் போகும் அத்திப்பட்டி. படத்தில் வருவது கற்பனை ஊர். ஆனாலும் கும்மிடிப்பூண்டி ரயிலில் இந்த ஸ்டேஷனைத் தாண்டும்போது யாராவது ஒருவர் அந்தப் படத்தைப் பற்றிப் பேசிவிடுகிறார். நிஜமான அத்திப்பட்டைப் பற்றி, இங்கே பிறந்து, இந்தச் சாம்பலைச் சுவாசித்து, இங்கேயே கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் ஒருவர் எழுதிய புத்தகத்தைக் கேட்டால், சட்டென்று எடுத்துக் கொடுக்க எந்தக் கடையிலும் ஆள் இல்லை.

எழுதுகிறவர்கள் இல்லாமல் இல்லை. மீஞ்சூர் முதல் கும்மிடிப்பூண்டி வரை நம் காலனிகளில் நோட்டுப் புத்தகங்களில் கதை எழுதி வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். ஷிப்ட் முடிந்து வந்து எழுதுகிறவர் இருக்கிறார். எம்.ஏ. படித்துக்கொண்டே கவிதை எழுதும் தங்கைகள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் தன் கதைகளை ஒரு பதிப்பகத்துக்கு எடுத்துப் போனார். “நல்லாத்தான் எழுதியிருக்கீங்க தம்பி. ஆனா உங்க பேரு யாருக்குத் தெரியும்? ஐம்பதாயிரம் கட்டிடுங்க, போட்டுத் தரோம். நூறு காப்பி உங்களுக்கு” என்றார்களாம். இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேல். கட்டியிருந்தால், அந்த நூறு பிரதியும் வீட்டுப் பரணில் கிடக்கும். பதிப்பகத்துக்கோ அச்சகத்தில் பில் வருவதற்கு முன்பே லாபம் வந்திருக்கும்.

இந்தப் ‘பேரு யாருக்குத் தெரியும்’ என்ற கேள்வியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். புத்தகத் தொழிலில் பெயர் என்பது திறமைக்குக் கிடைத்த பரிசு மட்டும் அல்ல. அது அலமாரியில் கிடைக்கும் இடம். பத்திரிகையில் வரும் மதிப்புரை, கல்லூரிப் பாடத்திட்டத்தில் ஒரு வரி, நூலக ஆணையில் ஓர் எண், எல்லாம் அதோடு சேர்ந்தே வரும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போனவர்களுக்குத் தெரியும். ‘பொன்னியின் செல்வன்’ இல்லாத அரங்கைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனது, ராயல்டி கிடையாது, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். விற்கும் என்பதும் உறுதி. கடைக்காரருக்கு 35, 40 சதவீதம் கழிவு கொடுத்து, அரங்க வாடகையும் கட்டுகிற ஒரு பதிப்பாளர், உறுதியாக விற்கும் பெயரைத்தான் முன்வரிசையில் அடுக்குவார். அவரைத் திட்டிப் பயனில்லை. அவருடைய கணக்கு அது. நம்முடைய கணக்கு வேறாக இருக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

வேறு கணக்கு ஒன்று நம்மிடம் ஏற்கெனவே இருந்தது. தமிழ் படிக்கும் மாணவர்கள் அச்சு வரலாறு என்றால் ஏடு தேடியவர்களின் கதையைப் படிக்கிறார்கள். 1812-ல் திருக்குறள் அச்சேறிய கதையில் எல்லிஸ் துரையின் பெயர் வரும். அந்தக் குறள் ஏட்டை அவரிடம் சேர்த்தவர் தன் பாட்டனார் கந்தப்பன் என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதி வைத்தார். வெள்ளைக்கார அதிகாரி வீட்டில் வேலை பார்த்தவர் கந்தப்பன். துரையின் பெயர் பாடப்புத்தகம் ஏறியது. ஏட்டைக் கொடுத்தவரின் பெயரை அவர் பேரனே எழுத வேண்டியிருந்தது. அந்தப் பேரன் எழுதியதால்தான் இன்று நாம் பேசுகிறோம்.

எழுதியதை யார் வெளியிட்டார்கள்? எந்தப் பெரிய பதிப்பகமும் அல்ல. 1907 ஜூன் 19-ல் ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று அவரே வார இதழ் தொடங்கினார். விலையையே பெயராக வைத்தார். ஓராண்டு கழித்து அது ‘தமிழன்’ ஆனது. அவருக்கும் முன்னால், 1893 அக்டோபரில், இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்ற பெயரிலேயே இதழ் நடத்தினார். எந்தச் சொல்லை வசவாக நம் மீது எறிந்தார்களோ அதையே முகப்பில் அச்சிட்டார். முதல் இதழுக்கு அச்சும் விளம்பரமும் சேர்த்துப் பத்து ரூபாய் செலவானதையும், சென்னையில் இரண்டு நாளில் சுமார் 400 பிரதிகள் விற்றதையும் தன்வரலாற்றில் சொல்கிறார். அந்த 400 பேருக்கும் அவர் ஒரு ‘புகழ்பெற்ற பெயர்’ அல்ல. அந்தத் தாளில் இருந்தது அவர்களுடைய விஷயம். இதழ் 1900 வரை வந்தது.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி கோலார் தங்கவயல். 1914-ல் பண்டிதர் இறந்தார். அவர் எழுத்து அவரோடு போயிருக்க வேண்டும். போகவில்லை. சுரங்கத்தில் இறங்கி வேலை செய்த நம் ஜனங்கள், வட ஆற்காட்டுப் பக்கமிருந்து பிழைக்கப் போனவர்கள், சாம்பியன் ரீப்பில் ‘சித்தார்த்தா புத்தகசாலை’ வைத்து அவர் நூல்களை அச்சிட்டார்கள். 1926 முதல் ஜி. அப்பாதுரையார் அங்கிருந்தே ‘தமிழன்’ இதழை மறுபடியும் நடத்தினார். நாள் முழுக்கப் பூமிக்கு அடியில் பாறை உடைத்துவிட்டு மேலே வந்த தொழிலாளிதான் சந்தாதாரர், வாசகர், புரவலர் எல்லாமே. பிறகு 1999-ல் ஞான. அலாய்சியஸ் தொகுப்பில் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் மையம் அயோத்திதாசர் சிந்தனைகளை வெளியிட்டது. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைக் கரையான் தின்னாமல் காத்து வைத்திருந்ததும் அந்தத் தொகுப்புக்குப் பின்னால் இருக்கிறது. தங்கச் சுரங்கத்தை 2001-ல் மூடிவிட்டார்கள். அங்கே அச்சான புத்தகம் இன்னும் படிக்கப்படுகிறது.

சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் நடந்தது, அனல்மின் நிலையமும் துறைமுகமும் சிப்காட்டும் இருக்கிற நம் பக்கத்தில் ஏன் நடக்கக் கூடாது?

சமீப காலத்துக்கு வருவோம். பாமாவின் ‘கருக்கு’ 1992-ல் வந்தது. கன்னியாஸ்திரி மடத்தை விட்டு வெளியேறி, கையில் வேலையும் இல்லாமல் நின்ற ஒரு பெண் எழுதியது. அவர் ஊர்ச் சனங்கள் பேசுகிற மாதிரியே எழுதியது. அதை வெளியிட்டது இலக்கியப் பதிப்பகம் அல்ல. மதுரையில் இருந்த ஒரு சமூக ஆய்வு மையம். இப்படி எழுதுவது இலக்கியமா என்று கேட்டவர்கள் நிறையப் பேர். லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000-ம் ஆண்டின் கிராஸ்வேர்டு விருதைப் பெற்றது. அதன் பிறகு கேள்வி கேட்டவர்களே பாடத்திட்டத்தில் வைத்தார்கள். பெயர் முதலில் வரவில்லை. புத்தகம்தான் முதலில் வந்தது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994-ல் க்ரியா வெளியீடாக வந்தபோது அவரும் பெயர் தெரியாதவர்தான். அது அவருடைய முதல் நாவல். க்ரியா ராமகிருஷ்ணன் ஒரு வரியையும் சும்மா விடாத பதிப்பாளர் என்று பெயர் எடுத்தவர். 2020-ம் ஆண்டுக்கான சாகித்ய அகாடமி விருது வரை போன பயணம் அங்கே தொடங்கியது. ஆகவே ‘நானே எழுதினேன், நானே போட்டேன், யாரும் கை வைக்கவில்லை’ என்று பெருமைப்படுகிற தம்பிகளிடம் ஒன்று சொல்வேன். யாரும் கை வைக்காததுதான் பிரச்சினை. ஐம்பதாயிரம் வாங்கிக்கொண்டு ஒற்றுப்பிழையைக்கூடத் திருத்தாமல் அச்சடித்துத் தருகிறவர் பதிப்பாளர் அல்ல, தரகர். பணம் இருந்தால் அதில் ஒரு பகுதியை, படித்துத் திருத்திக் கொடுக்கும் ஒரு தமிழாசிரியருக்குக் கொடுங்கள். பணம் இல்லையென்றால் நண்பர்கள் நாலு பேரை உட்கார வைத்து உரக்கப் படியுங்கள். எங்கே கொட்டாவி விடுகிறார்களோ அங்கே வெட்டுங்கள்.

பெயர் வந்த பிறகும் சோதனை தீர்வதில்லை. 2023 பிப்ரவரியில் கவிஞர் சுகிர்தராணி தனக்கு அறிவிக்கப்பட்ட தேவி விருதை மறுத்தார். விழாவுக்கு முக்கிய விளம்பரதாரர் அதானி குழுமம் என்பது காரணம். அந்தக் குழுமத்தின் காட்டுப்பள்ளித் துறைமுகம் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதன் விரிவாக்கத்தை எதிர்த்துப் பழவேற்காடு மீனவர்கள் நின்றதும் நமக்குத் தெரியும். விருதை வாங்கியிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மறுத்ததால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அவர் கவிதைகளைத் தேடிப் படித்தார்கள். இது எந்த விளம்பரத்திலும் கிடைக்காத வாசகர் கூட்டம்.

நடைமுறைக்கு வருகிறேன், மாணவர்கள் கேட்பது அதைத்தான். முன்பெல்லாம் ஆயிரத்து இருநூறு பிரதி அடித்தால்தான் கட்டுப்படியாகும். இன்று தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் ஐம்பது, நூறு பிரதிகூடப் போடலாம். முன்வெளியீட்டுத் திட்டம் என்று சொல்லி நூறு பேரிடம் முன்பணம் வாங்கினால் அச்சுக்கூலி வந்துவிடும். ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். டெல்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத் தருகிறது, எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம். அச்சானதும் ஒரு பிரதி கன்னிமாரா நூலகத்துக்குப் போக வேண்டும். 1954-ம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. உங்கள் பேரப்பிள்ளை தேடினாலும் அங்கே இருக்கும். தபால் செலவு பெரிய தலைவலி; பதிவு புத்தக அஞ்சலை 2024 டிசம்பரில் நிறுத்தியபோது சிறு பதிப்பாளர்கள் தவித்துப் போனார்கள். 2025 மே முதல் ‘ஞான் போஸ்ட்’ வந்திருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், ஐந்து கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. மீஞ்சூர் தபால் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். கிண்டிலில் 2016 முதல் தமிழும் ஏற்றலாம். ஆனால் நம் காலனி ஆயாவுக்குக் கிண்டில் காட்ட முடியாது. கையில் புத்தகம் வேண்டும்.

ஆதிதிராவிடர் எழுத்தாளர்களின் படைப்புகளை அச்சிட ஆதிதிராவிடர் நலத்துறையில் நிதியுதவித் திட்டம் ஒன்றும் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு சிலருக்கே கிடைக்கிறது என்பது ஒரு குறை. அப்படி ஒன்று இருப்பதே நம் எழுத்தாளர்களில் பலருக்குத் தெரியாது என்பது அதைவிடப் பெரிய குறை. அறிவிப்பு வந்ததும் ஒவ்வொரு கல்லூரித் தமிழ்த்துறைப் பலகையிலும் அது ஒட்டப்பட வேண்டும்.

கடைசியாக நூலகம். 1948-ம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி நாம் கட்டுகிற சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியும் சேர்த்துத்தான் வசூலிக்கிறார்கள். தொழிற்சாலைக் கட்டடம், காலனி ஓட்டு வீடு எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். அந்தப் பணம் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது. புத்தகம் வாங்கும் முடிவு சென்னையில் எடுக்கப்படுகிறது. கொள்முதலை இணையவழி விண்ணப்பத்துக்கு மாற்றி 2024-ல் அரசு கொண்டுவந்த வெளிப்படைத்தன்மைக் கொள்கை நல்ல மாற்றம்தான். இருந்தாலும் தேர்வுக்குழு முன் ஆயிரக்கணக்கான தலைப்புகள் குவியும்போது தெரிந்த பெயர் முதலில் கண்ணில் படும். ஆகவே திருவள்ளூர் மாவட்டத்தில் எழுதி, மாவட்டத்தைப் பற்றிப் பேசும் புத்தகங்களைக் கிளை நூலகத்துக்கு இரண்டு பிரதியாவது வாங்க மாவட்ட நூலக அலுவலருக்கே ஒரு சிறு தொகை ஒதுக்க வேண்டும். 2022 முதல் மாவட்டங்கள்தோறும் அரசு நடத்துகிற புத்தகத் திருவிழா திருவள்ளூரிலும் நடக்கிறது. அதில் உள்ளூர் எழுத்தாளர்களுக்கு வாடகை இல்லாமல் ஒரு மேசை வேண்டும். வாசலுக்கு வெளியே அல்ல, உள்ளே, முதல் வரிசையில். இந்த இரண்டையும் கேட்டு மாவட்ட ஆட்சியருக்கு மனு எழுதி வைத்திருக்கிறோம். வரும் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கிறோம். கையெழுத்துப் போட வருகிறவர்கள் தாங்கள் எழுதிய நோட்டையும் எடுத்து வரலாம்.