‘ஸாரி’ சொன்னா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரியா? அமெரிக்காவும் ஜப்பானும் முரண்படும் இடம்

2017 நவம்பர் 14. டோக்கியோவை ஒட்டிய மினாமி நகரேயாமா ரயில் நிலையத்திலிருந்து காலை 9 மணி 44 நிமிடம் 40 விநாடிக்குக் கிளம்ப வேண்டிய சுகுபா எக்ஸ்பிரஸ், 20 விநாடி முன்னதாகவே கிளம்பிவிட்டது. பயணிகள் யாரும் புகார் செய்யவில்லை. ஆனாலும் ரயில் நிறுவனம் மன்னிப்பு கேட்டு அறிக்கை வெளியிட்டது.

‘20 விநாடிக்கெல்லாமா மன்னிப்பு?’ என்று சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால், உயிர்கள் போன ஒரு விபத்தில் இதே மன்னிப்பு இரு நாடுகளுக்கும் இடையே பெரிய சிக்கலானது.

எஹிமே மாரு: என்ன நடந்தது?

2001 பிப்ரவரி 9 அன்று ஹவாய் அருகே அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலான ‘கிரீன்வில்’ வேகமாக மேலெழும்பி, ஜப்பானின் ‘எஹிமே மாரு’ கப்பலில் மோதியது. அது உவாஜிமா நகரத்து மீன்வளப் பள்ளியின் பயிற்சிக் கப்பல். 35 பேரில் 9 பேர் இறந்தனர்; அவர்களில் 4 பேர் பள்ளி மாணவர்கள்.

அமெரிக்க அரசு உடனே மன்னிப்பு கேட்டது. ஆனால் குடும்பங்கள் எதிர்பார்த்தது, நீர்மூழ்கியின் கேப்டன் ஸ்காட் வாடில் நேரில் வந்து தலைகுனிவதை. கடற்படை விசாரணையை எதிர்நோக்கியிருந்த அவர், முதலில் எழுத்து மூலம் ‘வருத்தம்’ மட்டுமே தெரிவித்தார். ‘இது மன்னிப்பே இல்லை’ என ஜப்பானில் கோபம் கிளம்பியது. மார்ச் மாதம்தான் ஹவாயில் குடும்பத்தினரிடம் நேரில் மன்னிப்பு கேட்டார். கடற்படையிலிருந்து விலகிய பிறகு, 2002 டிசம்பரில் உவாஜிமாவுக்கே போனார்.

ஏன் இந்த வித்தியாசம்?

அமெரிக்காவில் சாலையில் இடித்துக்கொண்டால் சட்டென ‘ஸாரி’ வரும். விபத்து, இழப்பீடு, வழக்கு என்று வந்துவிட்டால் வாய் மூடிக்கொள்ளும். அங்கே சொன்ன வார்த்தை நீதிமன்றத்தில் ஆதாரமாகத் திரும்பி வரலாம். இதனால்தான், விபத்தில் அனுதாபம் தெரிவிப்பதைக் குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 1986-லேயே மாசசூசெட்ஸ் மாநிலம் சட்டம் போட்டது. இன்று 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இதுபோன்ற சட்டங்கள் உள்ளன. பலவற்றில் ‘வருந்துகிறேன்’ என்ற சொல்லுக்குப் பாதுகாப்பு உண்டு. ‘என் தப்புதான்’ என்பதற்குக் கிடையாது.

ஜப்பானில் கதையே வேறு. ‘சுமிமாசென்’ என்ற ஒரே சொல் மன்னிப்பு, நன்றி, ‘கொஞ்சம் கேளுங்க’ என மூன்றுக்கும் பயன்படும். ‘உங்களுக்குச் சிரமம் கொடுத்துவிட்டேன்’ என்ற உணர்வுதான் அடிப்படை. யார் மீது தப்பு என்பது அடுத்த கேள்வி. குற்ற வழக்குகளில்கூட மன்னிப்புக் கடிதமும் சமரசமும் தண்டனையைக் குறைக்க உதவும்.

அப்போ ஜப்பான் வழிதான் சரியா?

அவ்வளவு சுலபமில்லை. 2010-ல் கார்களைத் திரும்பப் பெறும் விவகாரத்தில் டொயோட்டா தலைவர் அகியோ டொயோடா ஜப்பானில் தலைகுனிந்தார். பிப்ரவரி 24-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்பும் மன்னிப்பு கேட்டார். அமெரிக்க எம்.பி.க்களுக்கு அது போதவில்லை. ‘என்ன தெரியும், எப்போது தெரியும்?’ என்று துருவினார்கள். பாதுகாப்புக் குறைபாடுகள் பற்றி வாடிக்கையாளர்களைத் தவறாக வழிநடத்தியதை ஒப்புக்கொண்டு, 2014-ல் 120 கோடி டாலர் செலுத்தியது நிறுவனம்.

அதாவது, தலைகுனிவது உண்மையைச் சொல்வதற்கு மாற்று ஆகிவிடாது. கேமரா முன் குனிந்ததோடு விஷயம் முடிந்தது என்ற நிலை வந்தால் மன்னிப்பும் வெறும் சடங்குதான். வக்கீலுக்குப் பயந்து வாய் திறக்காமல் இருந்தாலோ, இழந்தவர்களுக்கு அதுவே இரண்டாவது அடி.

வேலையில் இரண்டு நாட்டுக்காரர்களோடும் பேசுபவர்களுக்கு இது பயன்படும். ஜப்பானியர் ‘மன்னிக்கவும்’ என்றால் பழியை ஏற்றுவிட்டார் என்று முடிவு கட்ட வேண்டாம். அமெரிக்கர் சொல்லவில்லை என்பதற்காக வருத்தமே இல்லாதவர் என்றும் நினைக்க வேண்டாம். அடுத்து என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். பதில் அதில்தான் இருக்கும்.