நிலத்திற்கு ஏற்ற மாடு

தமிழில் மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றும் ஒரு பொருளுண்டு. அதனாற்போலும், பணத்தைப் போலவே மாடும் எவ்வளவு பெருகினாலும் நன்றே என்று எண்ணும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. இவ்வெண்ணம் தவறானது. ஒரு கிராமத்தில் எத்தனை மாடுகள் இருக்கலாமென்பதை அக்கிராமத்தின் நிலமே நிர்ணயிக்க வேண்டும். அக்கணக்கைக் குடியானவர்கள் தாமே போட்டுக்கொள்ளாவிடின், பின்னொரு நாள் கோர்ட்டும் சர்க்காரும் அதைப் போடும்படி நேரிடும். அப்போது உண்டாகும் கஷ்டம் பெரிது.

இதற்குத் தக்க திருஷ்டாந்தம் நெதர்லாந்து எனப்படும் ஹாலந்து தேசமாகும். நமது தொழுவங்களிலுள்ள கலப்பினப் பசுக்கள் பலவற்றில் கலந்திருக்கும் ஹோல்ஸ்டீன் பிரீஸியன் ஜாதிக்கு, அந்நாட்டின் வடபகுதியும் அதையடுத்த ஜெர்மானியப் பிரதேசமுமே பூர்வீகம். பால்பண்ணைத் தொழிலில் உலகத்தார் அந்நாட்டைப் பார்த்துக் கற்றுக்கொண்டது மிகுதி. இனி அதன் இடர்களையும் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியவர்களாயிருக்கிறோம்.

அந்நாட்டார் தங்கள் நிலத்துப் புல்லோடு நில்லாமல், தென் அமெரிக்கா முதலிய தூர தேசங்களிலிருந்து சோயா மொச்சையைக் கப்பலில் தருவித்து மாட்டுக்கும் பன்றிக்கும் கோழிக்கும் இட்டு வந்தனர். தீவனம் கடல் கடந்து வந்தது; சாணமும் மூத்திரமுமோ அச்சிறு நாட்டிலேயே தங்கிவிட்டன. இவையிரண்டும் ஒன்றுகலந்தால் அமோனியா வாயு கிளம்பும். அது காற்றிற் சென்று காடுகளிலும் புதர்நிலங்களிலும் இறங்கி, சத்துக் குறைந்த மண்ணிலேயே வளரத்தக்க அரிய செடிகளை அழித்து, முரட்டுப் புல்லைப் பெருக்கிற்று. மண்ணில் மிஞ்சிய நைட்ரேட்டு நிலத்தடி நீரிற் கலந்தது. வயலுக்கு அமிர்தமான எருவே அளவு மிஞ்சியதால் நஞ்சாயிற்று.

ஐரோப்பாவில் 1984 முதல் பால் உற்பத்திக்கு ஒரு வரம்பு இருந்தது. 2015 மார்ச்சு மாதத்தோடு அவ்வரம்பு நீங்கவே, ஹாலந்துக் குடியானவர் பலர் கடன் வாங்கிக் கொட்டில்களைப் பெருக்கினர். அவ்வருஷமே எருவிலுள்ள பாஸ்பேட் சத்து அந்நாட்டுக்கு அனுமதித்த அளவைக் கடந்தது. 2017 இல் மாடுகளைக் குறைக்க நேர்ந்தது. 2018 தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு பால்பண்ணைக்கும் பாஸ்பேட் அளவு இவ்வளவென்று விதிக்கப்பட்டது. 2019 மே மாதத்தில் அந்நாட்டு உயர் நிர்வாக நீதிமன்றம், பின்னாற் குறையப்போவதாகச் சொல்லப்படும் நைட்ரஜனை முன்கூட்டியே வரவு வைத்து இன்று அனுமதி வழங்குவது செல்லாதென்று தீர்ப்பளித்தது. பண்ணை வேலைகள் மட்டுமன்றி, வீடு கட்டுவதும் சாலை போடுவதுங்கூட அதனால் தடைப்பட்டன. அவ்வருஷம் அக்டோபர் மாதத்தில் குடியானவர்கள் டிராக்டர்களை ஓட்டிக்கொண்டு ஹேக் நகரத்தில் திரண்டனர். அவர்கள் சார்பாகத் தோன்றிய புதிய கட்சி, 2023 இல் மேற்சபையின் 75 ஸ்தானங்களில் 16 ஐப் பெற்று, அச்சபையில் முதற்கட்சியாயிற்று. கொட்டிலிற் போட வேண்டிய கணக்கு இவ்வாறு கோர்ட்டில் தொடங்கி வீதி வழியாகச் சட்டசபைக்குச் சென்றது.

அங்கே குற்றம் குடியானவருடையது மட்டுமன்று. பெருக்குங்கள், பெருக்குங்கள் என்று ஊக்கினவர்களுக்கும் அதிற் பங்குண்டு. நானும் அத்தகையோரில் ஒருவனாக இருந்ததுண்டென்பதை மறைப்பதற்கில்லை. சில வருஷங்களுக்கு முன் எனது பகுதியில் இரண்டு பசு வைத்திருந்த குடியானவர் ஒருவர், என் யோசனையின்மேல் கடன் வாங்கி மேலும் மூன்று கலப்பினப் பசுக்களைப் பிடித்தார். புல்லுக்கு நிலம் எங்கே என்று நான் கேட்கவில்லை, அவரும் நினைக்கவில்லை. அடுத்த வருஷம் மழை பொய்த்தது. வைக்கோல் விலைக்கும் அகப்படாமற்போகவே, ஐந்தையும் பாதி விலைக்குச் சந்தையில் விற்றார். கடன் மட்டும் மிஞ்சிற்று. அன்றுமுதல் மாட்டை எண்ணுமுன் புல்லை எண்ணும்படி சொல்லி வருகிறேன்.

ஹாலந்தில் துன்பம் மிகுதியால் வந்தது. நம்மிடையே குறைவால் வருகிறது. எனினும் நிலத்தையும் மாட்டையும் தனித்தனியே எண்ணியதே இரண்டுக்கும் மூலமாகும். பால் உற்பத்தியில் 1998 முதல் நமது தேசமே முதலிடம் வகிக்கிறது. 2023-24 ஆம் வருஷத்து உற்பத்தி ஏறக்குறைய 24 கோடி டன். ஆனால் 2019 ஆம் வருஷத்துக் கணக்கெடுப்பின்படி பசுவும் எருதுமாக 19 கோடிக்கு மேலும், எருமைகள் 11 கோடிக்குச் சிறிது குறைவாகவும் இருந்தன. இவற்றுள் பல, வைக்கோலையும் சோளத்தட்டையும் அரைவயிறு தின்றே காலங்கழிக்கின்றன.

அசைபோடும் பிராணிகளின் இரைப்பையில் நார்ப்பொருள் செரிக்கும்போது மீதேன் என்னும் வாயு உண்டாகி ஏப்பமாக வெளிப்படுகிறது. நூறு வருஷக் கணக்கில் பார்த்தால், அது கரியமில வாயுவினும் ஏறக்குறைய 28 மடங்கு உஷ்ணத்தைப் பூமியில் தேக்கவல்லது. 2021 இல் கிளாஸ்கோ மகாநாட்டில், 2030 க்குள் உலகத்து மீதேனை நூற்றுக்கு 30 பங்கு குறைக்க முயல்வதாக நூற்றுக்கு மேற்பட்ட தேசங்கள் உறுதி கூறின. நமது தேசம் அதிற் சேரவில்லை. ஓரிரு மாடுகளைக் கொண்டு ஜீவனம் செய்யும் ஏழைகளை முன்னிட்டுப் பார்த்தால் அது நியாயமே என்பது என் அபிப்பிராயம். நம் மாடு மனிதர் உண்ணும் தானியத்தை உண்பதில்லை என்று சிலர் வாதிப்பதும் பெரும்பாலும் மெய்யே. ஆயினும், கையெழுத்திடாததனால் வாயு நின்றுவிடாது. இரண்டு லிட்டர் கறக்கும் நான்கு பசுக்கள் விடும் வாயுவைவிட, வயிறார உண்டு எட்டு லிட்டர் கறக்கும் ஒரு பசு விடும் வாயு மிகக் குறைவு. அதற்காகும் செலவும் குறைவு. ஆகவே உலகத்திற்கு நன்மையானதே இவ்விஷயத்தில் குடியானவருக்கும் லாபமாக இருக்கிறது.

கணக்குப் போடும் வழி எளிது. கறவைப் பசு ஒன்றுக்குத் தினம் 25 கிலோ பசுந்தீவனமும் 5 கிலோ வைக்கோலும் வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். வருஷத்திற்கு ஏறக்குறைய 9 டன் பசும்புல்லும், 2 டன்னுக்குச் சற்றுக் குறைந்த வைக்கோலும் ஆகும். நீர்வசதியும் எருவும் உள்ள இடத்தில் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் 10 சென்டில் இருந்தால் முதற்கணக்கு நேராகும். நல்ல விளைச்சலுள்ள ஒரு ஏக்கர் நெல்வயலின் வைக்கோல் இரண்டாவதைப் பெரும்பாலும் நேராக்கும். வரப்பில் அகத்தியும் வேலிமசாலும் இருப்பின் பிண்ணாக்குச் செலவு குறையும். இவ்வளவு இல்லாதவர் அடுத்த பசுவைப் பிடித்தல் கூடாது. சாணத்தை வறட்டியாக எரித்து வீணாக்காமல், சாண எரிவாயுக் கலத்திலிட்டால் அடுப்பும் எரியும். கழிவு வயலுக்கு எருவுமாகும். அது இயலாதவர் நிழலில் குழி வெட்டிச் சேமிப்பாராக.

நிலமில்லாதார் மாட்டுக்கு வழி என்னவென்று கேட்கலாம். அவர்களுக்காக நமது முன்னோர் விட்டுச்சென்றதே மேய்ச்சற் புறம்போக்கு. அது வரப்பு வரப்பாக நகர்ந்து பட்டா நிலத்தோடு சேர்ந்துவருவதைப் பல கிராமங்களில் காண்கிறோம். ஏழையின் பசு அரைவயிறு கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணமன்றோ? 2011 ஜனவரியில் உச்சநீதிமன்றம், கிராமப் பொதுநிலங்களிலுள்ள ஆக்கிரமிப்புக்களை அகற்றி, அவற்றைக் கிராமத்தாரின் பொது உபயோகத்திற்கு மீட்க ஏற்பாடு செய்யும்படி எல்லா ராஜ்யங்களுக்கும் உத்தரவிட்டது. மேய்ச்சல் நிலத்தைப் பேணும் முறைக்கு நாம் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. காங்கயம் பகுதியில் கிளுவை வேலியிட்டு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர்த்து, மாற்றி மாற்றி மேய்க்கும் கொறங்காடுகள் வானம் பார்த்த பூமியிலேயே நல்ல மாடுகளை உண்டாக்கியிருக்கின்றன.

ஆகையால் கிராம அதிகாரிகள் தங்கள் கணக்குப் புஸ்தகத்திலுள்ள மேய்ச்சல் நிலத்தை இவ்வருஷம் ஒரு முறை நேரிற் சென்று அளந்து பார்க்க வேண்டும். மிராசுதாரர்கள் தங்கள் வரப்பு எவ்விடத்தில் நிற்கிறதென்று தாமே பார்த்து, மிஞ்சியதைப் பிறர் கேட்குமுன் விட்டுக்கொடுப்பாராயின் மற்றவர் தாமே பின்பற்றுவர். மாடு பிடிக்கச் சந்தைக்குப் புறப்படுமுன் ஒவ்வொருவரும் தம் புற்காட்டை ஒரு முறை சுற்றிவருவார்களென்று நம்புகிறேன்.